விரிசலின் விளிம்பு

பீங்கான் தொழில் நடக்கும் ஊரில் விரிசல் பற்றிய பேச்சு ஓய்ந்து நான் கேட்டதில்லை. விருத்தாசலத்தில் தொழிற்பேட்டைப் பக்கம் போய்வந்த எவருக்கும் இது நினைவிருக்கும். பியூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, பொம்மை, கார்த்திகைக்கு அகல் என்று எது சூளையிலிருந்து இறங்கினாலும், முதல் வேலை அதைக் கையில் எடுத்து விரலால் சுண்டிப் பார்ப்பதுதான். கணீரென்று ஒலித்தால் ஒரு பக்கம், மந்தமாகக் கேட்டால் இன்னொரு பக்கம். மந்தமானதையும் உடனே தூக்கி எறிந்துவிட மாட்டார்கள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசல் எங்கே தொடங்கியது, மேற்பூச்சான கிளேஸ் அதற்குள் இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கழிவுக் குவியலுக்கு அனுப்புவார்கள். ஒரு ஜாடி போனால் ஒரு ஜாடிதான் நஷ்டம். அது ஏன் போனது என்று தெரியாமல் அடுத்த சூளையை ஏற்றினால் மொத்தச் சரக்கும் போகும். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது; பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகம் ஒன்றும் இந்த ஊரில் இருக்கிறது. இத்தனையும் தெரிந்த ஊரில், வீட்டுச் சுவரில் விரிசல் கண்டால் மட்டும் பொங்கலுக்கு முன் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே வெள்ளையடித்து முடித்துவிடும் வழக்கமும் கூடவே என் நினைவில் இருக்கிறது. சூளை வாசலில் தவறாமல் கேட்ட கேள்வியை வீட்டு வாசலில் நாம் கேட்கவில்லை. மூடுவதற்கு முன்னால் விரிசலைப் படிக்க வேண்டும் என்பதும், படிக்கத் தேவையான அறிவு இந்த ஊரில் ஏற்கெனவே புழங்குகிறது என்பதும்தான் நான் சொல்ல வருவது.

களிமண் பொருள் விரிசல் விடுவதற்கு மூன்று பருவங்கள் உண்டு: காயும்போது, வேகும்போது, ஆறும்போது. ஈரம் வெளியேற வெளியேறக் களிமண் சுருங்கும். கைப்பிடி சீக்கிரம் காய்ந்து, உடல் ஈரமாகவே இருந்தால், இரண்டும் ஒட்டிய இடத்தில் இழுபறி. முதல் கீறல் அங்கே விழும். அந்தக் கீறலோடு கிளேஸ் பூசிச் சூளைக்குள் போன பொருளில், கிளேஸ் உருகி விரிசலின் இரு கரைகளையும் மழுக்கிவிடும். விரலை ஓட்டினால் வழுவழுப்பாக இருக்கும். ஆறும்போது விட்ட விரிசல் வேறு விதம். கிளேஸ் இறுகிக் கண்ணாடியான பிறகு பிளந்தது என்பதால் அதன் கரை விரலை அறுக்கும். கலவையில் உள்ள குவார்ட்ஸ், வெப்பம் 573 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் கட்டத்தில் சட்டென்று சுருங்குகிறது. பொறுமை இல்லாமல் சூளைக் கதவைத் திறந்தால், காற்றுப் பட்ட பக்கம் அந்தக் கட்டத்தை முதலில் கடக்கும், மறுபக்கம் பின்தங்கும், பொருள் பிளக்கும். மழுங்கிய கரையைக் கண்டால் காயவைத்த இடத்தில் தவறைத் தேடுவார்கள். கூர்மையான கரையைக் கண்டால் ஆறவிட்ட விதத்தில் தேடுவார்கள். எட்ட நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரியும். இரண்டிலும் பொருளின் ஒரு பகுதி அசையப் பார்க்கிறது, இன்னொரு பகுதி அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த இழுபறியில் எது தோற்றது, எப்போது தோற்றது என்பதை விளிம்பு பதிந்து வைத்திருக்கிறது.

சுவரிலும் இதே பதிவு உண்டு. விரிசலுக்குள் பழைய வண்ணம் இறங்கியிருந்தால், கடைசியாக வண்ணம் அடித்ததற்கு முன்பே அது இருந்தது. தூசியும் ஒட்டடையும் படிந்திருந்தால் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். கரை வெளிறிக் கூர்மையாக, உள்ளே செங்கல்லின் புதுச் சிவப்பு தெரிந்தால் அண்மையில் விட்டது. முந்தின ஆண்டு அடைத்த பட்டியே நடுவில் பிளந்திருக்கிறது என்றால் காரணம் இன்னும் ஓயவில்லை. வயதுக்குப் பிறகு வழி. கோடு மேலே அகலமா, கீழே அகலமா? செங்கல்லை அறுத்துக்கொண்டு போகிறதா, கலவை இணைப்புகளைப் பிடித்துப் படிப்படியாக இறங்குகிறதா? சுவரின் மறுபக்கத்தில் அதே இடத்தில் தெரிகிறதா? மறுபக்கத்தில் இல்லையென்றால் பெரும்பாலும் பூச்சோடு நின்றது. இருந்தால் சுவரே பிளந்திருக்கிறது. விரலைக் குறுக்கே ஓட்டும்போது ஒரு கரை மேடாகத் தட்டுப்பட்டால், சுவர் பிரிந்ததோடு நில்லாமல் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்தும் இருக்கிறது. உடனே தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணும் விரலும் இருந்தால் இவற்றில் பெரும்பகுதியைப் படித்துவிடலாம். பட்டி வைத்துத் தேய்க்கிற அந்த அரை மணி நேரத்தில் இத்தனை சாட்சியமும் அழிந்துபோகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

விரிசல் என்றாலே வீடு போச்சு என்று பயப்படச் சொல்லவில்லை. பீங்கானில் கிளேஸ் மட்டும் வலைபோல வெடித்து, உள்ளே இருக்கும் உடல் திடமாக இருப்பதைப் பார்த்திருப்போம். உடலைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்கினால் இப்படி ஆகும். சுவர்ப் பூச்சில் தெரியும் வலைக் கீறல்களும் அதே வகை. சிமென்ட் கூடுதலாகப் போட்ட கலவை, தூசி அதிகமான எம்.சாண்ட், வெயிலில் சிமென்ட் பால் தெளித்து மேலே மேலே தேய்த்தது, தண்ணீர் விடாமல் காயவிட்டது ஆகிய எல்லாம் சேர்ந்தால் பூச்சு சுருங்கப் பார்க்கும், சுவர் அதை விடாது. கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளும், வெயிலும் வறட்சியுமான சூழலில் 10 நாளும் ஈரம் காக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்கிறது. சித்திரை வெயிலில் கடலூர் மாவட்டத்தின் உட்பகுதி எந்த வகையில் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவ்வகைக் கீறல் உள்ள இடத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம். திடமாக ஒலித்தால் விட்டுவிடலாம். பொள்ளென்று கேட்டால் அந்தப் பகுதிப் பூச்சைப் பெயர்த்து மறுபடி பூசலாம். இன்னொன்றும் பீங்கான்காரர்களுக்குத் தெரியும்: சரியாக வேகாத பொருள் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சி உப்பி, விற்றுப் பல மாதம் கழித்துக்கூட கிளேஸை வெடிக்க வைக்கும். சூளையிலிருந்து இறங்கிய செங்கல்லும் அப்படித்தான் ஈரம் குடித்துச் சிறிது பெருக்கும், முதல் சில வாரங்களில் அதிகமாக. சூடு ஆறாத செங்கல்லை லாரியிலிருந்து இறக்கியதும் சுவரில் ஏற்றும் அவசரம், சில நீளச் சுவர்களின் ஓரத்தில் செங்குத்து விரிசலாக வெளிப்படும்.

மேல்மாடி வீட்டுக்காரர்கள் அதிகம் கலங்குவது தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் கிடைமட்டமாக ஓடும் கோட்டைப் பார்த்துத்தான். தளம் தனியாக வந்துவிட்டது என்பார்கள். கணக்குப் போட்டால் விளங்கிவிடும். கான்கிரீட் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.01 மில்லிமீட்டர் நீள்கிறது. செங்கல் சுவர் ஏறக்குறைய அதில் பாதி. 10 மீட்டர் தளம், அதிகாலைக்கும் பிற்பகலுக்கும் இடையே 30 டிகிரி சூடேறினால் 3 மில்லிமீட்டர் நீண்டாக வேண்டும். கீழே நிழலில் இருக்கும் சுவருக்கு அத்தனை வேகமும் இல்லை, அத்தனை நீட்சியும் இல்லை. நாள் தவறாமல் நடக்கும் இந்த இழுப்பில் தளமும் சுவரும் சந்திக்கும் கோடு வெடிக்கிறது, மூலைகளில் முதலில். இதற்குச் சுவரில் எத்தனை முறை பட்டி வைத்தாலும் மருந்தாகாது. மருந்து மொட்டைமாடியின் மேல் இருக்கிறது. சுர்க்கி போட்டுத் தட்டோடு பதிப்பது, வெள்ளைக் கூலிங் ஓடு பதிப்பது, அதற்கும் வசதியில்லை என்றால் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிப்பது. விரிசல் தெரியும் இடமும் காரணம் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வட்டாரத்தின் உண்மையான சிக்கல் காலடியில் இருக்கிறது. விருத்தாசலத்தைச் சுற்றிச் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. சூளைக்குப் போகும் வெள்ளைக் களிமண்ணில் முதன்மையாக இருப்பது கயோலினைட். அது தண்ணீர் குடித்தாலும் அடக்கமாக இருக்கும். கரிசலில் இருப்பது மான்ட்மோரில்லோனைட். தன் அடுக்குகளுக்கு இடையிலேயே தண்ணீரை இழுத்து உப்பும், கோடையில் அதே வேகத்தில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வீடு கட்டியபின் நடுவீட்டுக்கு அடியில் மண் ஓரளவு ஈரத்தோடு நிற்க, ஓரத்து மண் பங்குனி முதல் காய்ந்து சுருங்கி, மூலைகளை இறக்குகிறது. அப்போது சுவரில் சாய்கோடாக, செங்கல் இணைப்புகளைப் பிடித்துப் படிபோல இறங்கும் விரிசல் தோன்றும். மூலை இறங்கியது என்றால் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கும். நடுப்பகுதி இறங்கியது என்றால் பெரும்பாலும் கீழே அகலமாக இருக்கும். ஐப்பசி மழைக்கு இது மூடுவதும் வைகாசியில் திறப்பதுமாக மூச்சு விடும். கோடையில் வாய் திறந்திருக்கும்போது அதற்குள் கெட்டிச் சிமென்ட்டைத் திணித்தால் மழைக்காலத்தில் மூட இடமில்லாமல் பக்கத்தில் புதிதாகப் பிளக்கும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் கரிசலுக்கென்றே, அடியில் குமிழ்போல விரிந்த தூண் அடித்தளத்தை உருவாக்கிப் பரப்பியது. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் ஆழத்தைத் தாண்டி, ஆழமான கரிசலில் பொதுவாக 3.5 மீட்டர் வரை, அதை இறக்குவார்கள். ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு அது உதவாது. ஆனால் ஓரத்து மண்ணின் ஈரம் ஏறி இறங்காமல் காக்கலாம்: மொட்டைமாடித் தண்ணீர் கடைக்கால் ஓரத்தில் கொட்டாமல் குழாய் நீட்டுவது, கசியும் கழிவுநீர்க் குழாயை மாற்றுவது, வீட்டைச் சுற்றி வெளிச்சரிவோடு தளவரிசை போடுவது. சுவரை ஒட்டிய வேப்பமரம் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். அதற்காகப் பெரிய மரத்தை ஒரே நாளில் வெட்டினாலும், அது குடித்துவந்த ஈரம் மண்ணில் தங்கி மண் உப்பும்.

எத்தனை அகலமானால் பயப்பட வேண்டும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1984இல் கட்டட விரிசல்களுக்கென்றே வெளியிட்ட எஸ்.பி. 25 என்ற கையேடு, 1 மில்லிமீட்டருக்குக் கீழ் மெல்லியது, 1 முதல் 2 வரை நடுத்தரம், அதற்கு மேல் அகலமானது என்று பிரிக்கிறது. பிரிட்டனில் கட்டட ஆராய்ச்சியாளர்கள் வகுத்த அளவுகோல் செங்கல் வீட்டில் 5 மில்லிமீட்டர் வரையிலான விரிசலைப் பொதுவாக அழகுக்கான கேடாகவே கருதுகிறது. அகலம் ஒரு குறிதான், தீர்ப்பாகாது. தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பி போகும் வழியிலேயே சம இடைவெளியில் ஓடும் மெல்லிய கோடுகள், ஓரத்தில் பழுப்புக் கறையோடு இருந்தால், சுவரில் தெரியும் அகலமான பல விரிசல்களைவிட அதிகம் அஞ்ச வேண்டியவை. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்டுக் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. பீமில் தூணுக்கு அருகே 45 டிகிரியில் சாயும் விரிசல், தூணிலேயே செங்குத்தாக விழும் விரிசல், கதவு திடீரென்று நிலையில் பிடிப்பது, கான்கிரீட் நொறுங்கும் ஓசை ஆகியவற்றைக் கண்டால் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஆட்களை வெளியேற்றிவிட்டு முட்டுக் கொடுக்க ஆள் அழைக்க வேண்டும். 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட தொகுதி ஒன்று இடிந்து விழுந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசல்களைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதுதான் காரணம். அன்று அந்தச் சுவரைப் படித்தவர்கள் அதில் வாழ்ந்தவர்களே.

கோப்பை ஒரே உடல், வீடு பல உடல்கள் சேர்ந்தது, பீங்கான் அறிவை வைத்துக்கொண்டு வீட்டை அளக்கலாமா, அது பொறியாளர் வேலையல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செங்கல், கலவை, கான்கிரீட், கம்பி, மண் எல்லாம் வெவ்வேறு வேகத்தில் அசைவதால் வீட்டில் இழுபறிகள் அதிகம். ஒரே சுவரில் இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கவும் கூடும். ஆனால் பொறியாளர் வருவது ஒரு நாள். அன்றைய விரிசலை மட்டும்தான் அவர் பார்க்க முடியும். அது வளர்கிறதா, நின்றுவிட்டதா, பருவத்தோடு ஏறி இறங்குகிறதா என்பதை அந்தச் சுவரோடு குடியிருப்பவர் மட்டுமே சொல்ல முடியும். விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுவது, குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை இரு பக்கமும் அசையாமல் ஒட்டிவைத்து அது உடைகிறதா என்று பார்ப்பது, இரு கரையிலும் ஆணி அடித்து மாதம் ஒருமுறை இடைவெளியை அளப்பது எல்லாம் பழைய, செலவில்லாத முறைகள். ஓராண்டுக் குறிப்போடு ஒருவர் காத்திருந்தால் பொறியாளரின் ஒரு மணி நேரம் பத்து மடங்கு பயன் தரும். மழைத் தண்ணீர் இறங்கும் விரிசலை ஓராண்டு திறந்து வைக்க முடியாது என்பதும் உண்மை. அதற்கு முதலில் படம் எடுத்து, நுனிகளைக் குறித்துவிட்டு, நெகிழும் சீலன்ட்டால் மூடலாம். அசைவு தொடர்ந்தால் அது இழுபட்டுக் காட்டிக்கொடுக்கும்.

தாத்தா காலத்து வீடும் விரிசல் விட்டது, யாரும் அளக்கவில்லை, எண்பது ஆண்டு நிற்கவில்லையா என்பது இன்னொரு வாதம். நின்றது. சுண்ணாம்புக் கலவை சிமென்ட்டைவிட மென்மையானது. சிறு அசைவை நூறு இணைப்புகளில் பகிர்ந்துகொள்ளும், ஈரத்தில் கரைந்த சுண்ணாம்பு மறுபடி படிந்து மெல்லிய கீறல்களைத் தானே மூடவும் செய்யும். ஓட்டுக் கூரை சுவரைப் பிடித்து இழுக்கவில்லை. சிமென்ட் கலவை கெட்டி. தாங்கும் வரை தாங்கிவிட்டு, மொத்த அசைவையும் ஒரே இடத்தில் பிளந்து காட்டும். கட்டும் பொருளை மாற்றிக்கொண்டுவிட்டு, பழைய பொருளுக்கு இருந்த பொறுமையைப் புதியதிடம் எதிர்பார்க்க முடியாது. வாஸ்துக் குறை என்று வாசலை இடித்து மாற்றுகிறவர்களிடம் எனக்குக் கோபமில்லை. காரணம் தெரியாத பயத்துக்கு ஏதாவது ஒரு காரணம் தேவைப்படுகிறது. அந்தச் செலவில் தண்ணீர்க் குழாயை மாற்றியிருக்கலாமே என்ற வருத்தம்தான்.

நெய்வேலிப் பக்கத்தில் கேட்கும், சுரங்க வெடியால் வீடு பிளக்கிறது என்ற பேச்சையும் ஒதுக்கிவிடக் கூடாது. ஊதியும் பெருக்கக் கூடாது. அதிர்வு தூரத்தோடு வேகமாகக் குறையும். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997இல், சுரங்கத்துக்குச் சொந்தமில்லாத குடியிருப்புகளில் அதிர்வின் வேகம், அதிர்வெண்ணைப் பொறுத்து, விநாடிக்கு 5 முதல் 15 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. ஆகவே இது அளந்து தீர்க்கக்கூடிய வழக்கு. சுரங்கத்தை ஒட்டிய கிராமத்தில் ஒரு வீட்டுக்காரர் தன் சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசல்களைத் தேதியோடு குறித்து வைத்திருந்தால், அதன்பின் வந்ததை யாரும் பழையது என்று தள்ள முடியாது. தெருவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் விரிசல் என்றால் அந்த வீட்டுக்குள் காரணத்தைத் தேடலாம். வரிசையாகப் பல வீடுகளில் ஒரே திசையில் ஓடினால் நிலத்தையே சந்தேகிக்க வேண்டும். 2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமட்டில் 800க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் கண்டபோது, எந்த வீட்டுக் கொத்தனாரையும் குறை சொல்வதில் பொருள் இருக்கவில்லை. ஊர் நின்ற சரிவே நகர்ந்துகொண்டிருந்தது.

விருத்தாசலத்தில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீடு கட்டப் போகும் மனையின் மண் எவ்வளவு உப்பும் என்று அறிய எளிய சோதனை இருக்கிறது. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர்ந்த மண்ணில் 10 கிராம் வீதம் 100 மில்லி பிடிக்கும் இரண்டு அளவுக் கண்ணாடிகளில் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் கழித்து இரண்டிலும் மண் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது; தண்ணீரில் அதைவிட எத்தனை விழுக்காடு கூடியிருக்கிறதோ அதுதான் கணக்கு. 50க்குக் கீழே என்றால் பெரிய கவலை இல்லை. 100ஐத் தாண்டினால் சாதாரணக் கடைக்காலை நம்பக் கூடாது. களிமண்ணைச் சலிப்பதும் நிறுப்பதும் சுருக்கம் அளப்பதும் பீங்கான் படிப்பில் தொடக்கப் பாடம். அந்தப் பாடம் நடக்கும் ஆய்வுக்கூடங்கள் உள்ள ஊரில், கடைக்கால் தோண்டுவதற்கு முன் மனைக்காரர் ஒரு பை மண்ணோடு வந்து, ஓரிரு நாளில் எண்ணோடு திரும்பிப் போக ஏற்பாடு செய்வது பெரிய காரியமில்லை. மண்ணை மேலாக அள்ளாமல், கடைக்கால் நிற்கப்போகும் ஆழத்திலிருந்தும் மனையின் இரண்டு மூன்று இடங்களிலிருந்தும் எடுத்துவர வேண்டும். செம்மண்ணும் கரிசலும் ஒரே மனைக்குள் சந்திக்கும் இடங்களும் இந்த வட்டாரத்தில் உண்டு, அப்படிப்பட்ட மனையில் கட்டிய வீடுதான் எல்லாவற்றையும்விட மோசமாகப் பிளக்கும்.